விலை தெரிந்தால் போதுமா?

(ஒத்தக்கடையில் சிறு விவசாயிகளும் வேளாண் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கைபேசியில் வரும் சந்தை விலையைப் பற்றிப் பேசுவதற்கு ஒத்தக்கடையை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. யானைமலைக்கு அருகே 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கி வருகிறது. மேலூர் சாலையில் மேற்கே போனால் சில கிலோமீட்டரில் மாட்டுத்தாவணி. காய்கறிச் சந்தையும் பூ மார்க்கெட்டும் அங்கேதான். கிழக்கே போனால் பெரியாறு பாசனத்தை நம்பி நெல்லும் வாழையும் கரும்பும் விளையும் மேலூர் வட்டாரம். விளைவிப்பவர், ஆராய்பவர், வாங்குபவர் என்ற மூன்று பேரும் ஒரே சாலையில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் பத்து மூடை கத்தரிக்காயோடு கிளம்பும் ஒரு விவசாயி, தன் சரக்குக்கு இன்று என்ன கிடைக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. ஏன் என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன்.

முதலில் கைபேசி செய்த நன்மையை மனதாரச் சொல்லிவிடுவோம். ஒரு காலத்தில், மண்டியில் மூடையை இறக்கிய பிறகுதான் விலை தெரியும். இறக்கிய சரக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வர யாரால் முடியும்? சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். 2003 மே மாதம் முதல் தேதியிலிருந்து வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. அதன் பிறகு கைபேசி கிராமத்துக்குள் வேகமாக வந்தது. சந்தையில் இருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டு நிலவரம் கேட்பது சாதாரண விஷயமாயிற்று. அரசும் பல வழிகளைத் திறந்துவிட்டது. 2000-இல் மத்திய அரசு அக்மார்க்நெட் என்ற விலைத் தகவல் வலையமைப்பைத் தொடங்கியது. 2004 ஜனவரியில் கிசான் கால் சென்டர் வந்தது. 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2018 ஏப்ரலில் தமிழக அரசின் உழவன் செயலி வந்தது. மானியம், விதை இருப்பு, வானிலை ஆகியவற்றோடு சந்தை விலையும் அதில் கிடைக்கிறது.

இப்படிக் கிடைக்கும் தகவலுக்குப் பண மதிப்பு உண்டா என்று கேட்டால், உண்டு. இலங்கையில் தம்புள்ளை பொருளாதார மையத்துக்குச் சரக்கு அனுப்பும் சிறு விவசாயிகளிடம் லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தது. பயிரைத் தேர்ந்தெடுப்பது முதல் விற்பது வரை ஆகும் மொத்தச் செலவில் சுமார் 11 விழுக்காடு, தகவல் தேடி அலைவதற்கே போகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. விதை எங்கே, உரம் எங்கே, விலை என்ன என்று நடக்கிற நடையும் பஸ் செலவும் இழந்த கூலியும் இதில் அடக்கம். ஒரு போன் அழைப்பு அந்த நடையில் பாதியைக் குறைத்தாலும் அது வருமானம்தான்.

இதைவிடப் பெயர்பெற்ற சான்று கேரளக் கடற்கரையில் இருக்கிறது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் மத்தி மீன் விற்கும் கடற்கரைச் சந்தைகளை 1996 முதல் 2001 வரை கவனித்து, 2007-இல் தன் ஆய்வை வெளியிட்டார். 1997 ஜனவரி 14 அன்று காலை வடகரையில் நடந்ததை அதில் எழுதியிருக்கிறார். பதினொரு படகுக்காரர்களுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை. பிடித்த மீனைக் கடலிலேயே கொட்ட வேண்டிய நிலை. அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துச் சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையோரம் கைபேசிக் கோபுரங்கள் வந்த பிறகு, மீனவர்கள் கடலில் இருந்தபடியே நாலு இடம் விசாரித்து, விலை கிடைக்கும் கரைக்குப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவரின் இலாபம் 8 விழுக்காடு கூடியது. வாங்கித் தின்பவர் கொடுக்கும் விலை 4 விழுக்காடு குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே நன்மை.

இந்த ஆய்வு வந்ததும், கைபேசியைக் கொடுத்தால் விவசாயியின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று உலகம் முழுக்க நம்பினார்கள். ஆனால் அடுத்து வந்த இரண்டு ஆய்வுகளை நாம் கவனமாகப் படிக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2007-இல் ஒரு குறுஞ்செய்திச் சேவையைத் தொடங்கியது. விலை, வானிலை, பயிர் ஆலோசனை எல்லாம் தினமும் விவசாயியின் கைபேசிக்கு வரும். ஃபாஃப்சாம்ப்ஸ், மின்டன் என்ற இரு ஆய்வாளர்கள் நூறு கிராமங்களை எடுத்துக்கொண்டு, சில கிராமங்களில் இந்தச் சேவையை ஓராண்டு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தக்காளி, வெங்காயம், மாதுளை, கோதுமை, சோயா ஆகியவை பயிர்கள். 2012-இல் வெளியான முடிவு என்ன? செய்தி வந்தவர்களுக்குக் கிடைத்த விலையும் வராதவர்களுக்குக் கிடைத்த விலையும் சராசரியில் ஏறக்குறைய ஒன்றுதான். மேற்கு வங்கத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கும் இதேபோல் விலை சொல்லிப் பார்த்தார்கள். அங்கும் சராசரி விலை உயரவில்லை. காரணம், அந்த விவசாயி பெரிய மொத்தச் சந்தைக்குப் போய் நேரடியாக விற்க வழியில்லை. உள்ளூர் வியாபாரியிடம்தான் விற்றாக வேண்டும். மொத்தச் சந்தையின் விலை தெரிந்தாலும் அதைப் பெற்றுத் தரும் பாதை அவர் முன்னால் இல்லை.

மீனவருக்குப் பலித்தது விவசாயிக்கு ஏன் பலிக்கவில்லை? மீனவரிடம் படகு இருந்தது. சரக்கு அந்தப் படகிலேயே இருந்தது. எந்தக் கரைக்குப் போவது என்பது அவர் கையில் இருந்தது. விலைச் செய்தி வந்ததும் அடுத்த நிமிடமே அவரால் திரும்ப முடிந்தது. நான் இன்று சொல்ல வந்த ஒரே கருத்து இதுதான்: விலையைத் தெரிந்துகொள்வது பாதி வேலை, சொல்லப்படும் விலை கட்டாதபோது “வேண்டாம்” என்று சொல்லிச் சரக்கை வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடிவது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதி இல்லாத இடத்தில், கைபேசி நமக்கு நம் நஷ்டத்தை முன்கூட்டியே தெரிவிப்பதோடு நின்றுவிடும்.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் தாண்டிப் போக வேண்டாம். நம் மதுரை மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முயற்சிகள் தொடங்கின.

முதலாவது உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. இரண்டாவது, சாரி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கிராமத் தகவல் மையத் திட்டம். 2001 இறுதியில் மேலூர் வட்டாரத்தில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில், கிராமங்களுக்கு இணைய இணைப்பு கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் கூட நின்றன. ஊர்க்காரர் ஒருவரே கணினியை வைத்து மையத்தை நடத்துவார். உலகப்பிச்சன்பட்டியில் வெண்டைப் பயிருக்கு நோய் வந்தபோது, படம் எடுத்து இந்த ஒத்தக்கடைக் கல்லூரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள், கல்லூரியிலிருந்து மருந்து சொல்லி அனுப்பினார்கள், பயிர் பிழைத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இந்தச் செயலை இங்கிருக்கும் மாணவர்கள் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அந்த மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டுவிட்டன. வருமானம் கட்டுப்படியாகவில்லை. தொழில்நுட்ப உதவி தொடரவில்லை. முன்னின்று உதவிய அரசு அலுவலர்கள் மாறியதும் சேவைகளும் நின்றன. உழவர் சந்தையோ இன்றும் நடக்கிறது. மாநிலம் முழுக்கப் பரவியிருக்கிறது.

இரண்டிலும் விலைத் தகவல் இருந்தது. உழவர் சந்தையில் அந்தத் தகவல் ஒரு கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையைச் சுற்றி என்னென்ன இருந்தன என்று பாருங்கள். விடியும் முன்பே அலுவலர்கள் மொத்த மார்க்கெட் விலையைக் கேட்டுவந்து, விவசாயிகளோடு கலந்து அன்றைய விலையை வைக்கிறார்கள். மொத்த விலையை விட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளியே கடையில் விற்கும் சில்லறை விலையை விட 15 விழுக்காடு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். கடைக்கு வாடகை இல்லை. தராசு சந்தையே தருகிறது. நிலத்தைப் பார்த்துச் சரிபார்த்து, படத்தோடு அடையாள அட்டை கொடுக்கிறார்கள். வியாபாரி விவசாயி பெயரில் உள்ளே வர முடியாது. விலை, எடை, இடம், வாங்குபவர் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான், பலகையில் எழுதிய எண் சாயங்காலம் விவசாயியின் மடியில் பணமாக வந்தது. தகவல் மையத்தில் எண் மட்டும் இருந்தது. மற்ற மூன்றும் வேறெங்கோ இருந்தன.

சரி, இன்று நம் வட்டாரத்தில் விளையும் பொருள்களை வரிசையாக எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு எந்தச் செய்தி பயன்படும் என்பது முடிவாகும்.

முதலில் மல்லிகை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் அறிந்த பெயர். அதைப் பறிக்கும் பெண்கள் நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குகிறார்கள். அன்று மாலை விரியப்போகும் மொட்டைத்தான் பறிக்க வேண்டும். முந்தைய நாள் பறித்தால் பிஞ்சு, மறுநாள் விட்டால் பூ உதிரும். வெயில் ஏறுமுன் சரக்கு மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேர வேண்டும். பனிக்காலத்தில் வரத்து குறைந்து, முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போகும். கோடையில் பூ குவிந்தால் சில நூறுக்கு இறங்கும். பறிகூலிக்கே கட்டாத நாளும் உண்டு. அன்றைய விலை என்ன என்று மல்லிகை விவசாயிக்குத் தெரியாமல் இல்லை. காலை ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு இன்னொரு விலை என்று போனில் வந்துகொண்டே இருக்கும். ஆனால் பறித்த பூவை வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது. அதோடு, செடி வைக்கவும் கிணறு ஆழப்படுத்தவும் பிள்ளை கல்யாணத்துக்கும் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால், பூ அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் மல்லிகை விவசாயிக்குக் கைபேசியால் பயன் இல்லையா? இருக்கிறது, விற்பதற்கு முன்னால் வரும் செய்தியை விட விற்ற பின் வரும் செய்தியில் இருக்கிறது. என் பூ எத்தனை கிலோ நின்றது, எந்த விலைக்குப் போனது, தரகு எவ்வளவு, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, இன்னும் பாக்கி எவ்வளவு என்ற ஐந்து எண்கள், எடை போட்ட நிமிடமே குறுஞ்செய்தியாக வர வேண்டும். பல நாள் கழித்துச் சிட்டையில் மொத்தமாகப் பார்க்கும் கணக்கு நமக்கு வேண்டாம். அன்றன்றைக்கு எழுத்தில் வரும் கணக்கு, நேர்மையாகத் தொழில் செய்யும் கடைக்காரருக்கும் நல்ல பெயரைத் தரும்.

அடுத்து காய்கறி. இது ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். போனில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

“அண்ணே, இன்னைக்குக் கத்தரி என்ன போகுது?”

“இருபதுக்குப் போகுதுப்பா. வரத்து கூடிப்போச்சு. நீ கொண்டாந்து போடு, பாத்துப் போட்டுத் தாரேன்.”

அதே நேரம், ஒட்டன்சத்திரம் சந்தையில் 26 ரூபாய் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். உங்களிடம் 175 கிலோ இருக்கிறது. கிலோவுக்கு 6 ரூபாய் என்றால் வித்தியாசம் 1,050 ரூபாய். மாட்டுத்தாவணிக்கு வண்டி வாடகை 400 என்றும் ஒட்டன்சத்திரத்துக்கு 3,000 என்றும் வைத்தால், கூடுதல் வாடகை மட்டும் 2,600. ஒட்டன்சத்திரம் போனால் 1,550 ரூபாய் கைநஷ்டம். விலைச் செய்தி உண்மைதான். உங்களுக்கு அதனால் பயன் இல்லை. இப்போது நான்கு பேர் சேர்ந்து ஒரே குட்டி யானை வண்டியில் 700 கிலோவை ஏற்றினால் என்ன ஆகும்? வித்தியாசம் 4,200 ரூபாய். நால்வரும் தனித்தனியாக மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தால் வாடகை 1,600 ஆகியிருக்கும். ஒட்டன்சத்திர வாடகையில் அதைக் கழித்தால் கூடுதல் வாடகை 1,400. மீதி 2,800, ஆளுக்கு 700 ரூபாய் கையில் நிற்கும். விலை அதேதான், சாலை அதேதான். கூட்டுச் சேர்ந்ததுதான் வித்தியாசம். வண்டி போய்ச் சேர்வதற்குள் அங்கே விலை இறங்கிவிடும் அபாயமும் உண்டு. அதையும் நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டால்தான் தாங்க முடியும். ஆகவே, விலை வரும் அதே வாட்ஸ்அப் குழுவில், “நாளைக்கு யார் யாருக்கு எத்தனை மூடை, எந்த வண்டி” என்ற செய்தியும் ஓட வேண்டும்.

மூன்றாவது நெல். இதன் விலை எல்லாருக்கும் தெரியும். 2025-26 பருவத்தில் தமிழக அரசு ஊக்கத்தொகையும் சேர்த்துச் சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் என்று அறிவித்தது. விலை தெரிந்தும் பலர் ஏன் குறைந்த விலைக்கு வெளியே விற்கிறார்கள்? கொள்முதல் நிலையம் என்றைக்குத் திறக்கும், நமக்கு முன்னால் எத்தனை மூடை காத்திருக்கிறது, சாக்கு இருக்கிறதா, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் வருமா என்பது தெரியாததால். களத்தில் கொட்டிய நெல்லின் மேல் மழை மேகம் திரளும்போது, தார்ப்பாயோடு ஓடுகிறவருக்கு வேண்டிய செய்தி, “உங்கள் முறை வியாழக்கிழமை காலை” என்ற ஒரு வரி. நெல் விவசாயிக்கு நாள் சொல்லுங்கள். அதுதான் அவருக்கு விலைத் தகவல்.

நான்காவது, நிலக்கடலை, கொப்பரை, சிறுதானியம் போலக் காத்திருக்கும் சரக்கு. இங்கேதான் விலைச் செய்திக்கு முழுப் பலம் வருகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயியிடம் தரகு வாங்குவதில்லை. சந்தைக் கட்டணத்தை வாங்குபவர் கட்டுகிறார். 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையோடு இணைந்த கூடங்களில், ஈரப்பதமும் தரமும் பார்த்து ஏலம் விடுகிறார்கள். வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம். பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. விலை பிடிக்கவில்லையா? கிட்டங்கியில் இருப்பு வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் வரை காத்திருக்கலாம். “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையை ஒரு சிறு விவசாயிக்குக் கொடுப்பது இந்தக் கடன்தான். இதைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

விவசாயிகளே, போனில் விலையை மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். எந்த ரகத்துக்கு அந்த விலை, இன்று வரத்து எப்படி, தரகும் கழிவும் எவ்வளவு, பணம் எப்போது என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரே கடையைக் கேட்காமல் இரண்டு இடம் கேளுங்கள். சரக்கு எடை போட்டதும் சிட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே, பறிப்பதும் தரம் பிரிப்பதும் பாதிக்கு மேல் உங்கள் உழைப்பு. விலை பேசும் போன் ஆண்கள் கையில் மட்டும் இருக்கக் கூடாது. அந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிய வேண்டும்.

அலுவலர்களே, நேற்றைய விலையை இன்று மதியம் செயலியில் ஏற்றினால் விடியற்காலையில் கிளம்பிய வண்டிக்கு அது உதவாது. விலையோடு வரத்தையும், நெல் நிலையத்தின் வரிசையையும், கிட்டங்கியில் உள்ள இடத்தையும் அன்றன்றைக்கே சொல்லுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குக் குரல் செய்தியாகச் சொல்லுங்கள்.

மாணவர்களே, புதிய செயலி செய்யும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கும், நல்ல ஆசை. அதற்கு முன் ஒரு வாரம் மாட்டுத்தாவணியில் அதிகாலை மூன்று மணிக்குப் போய் நில்லுங்கள். எடை எப்படிப் போடுகிறார்கள், விலை யார் சொல்கிறார்கள், பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பாருங்கள். மேலூர்க் கிராமங்களில் அந்தக் கணினிகள் ஏன் அணைந்தன, அண்ணா நகரில் அந்தக் கரும்பலகை ஏன் நிலைத்தது என்று உங்களுக்கே விளங்கும். பிறகு நீங்கள் செய்யும் செயலியில் விலையோடு வண்டியும் இருக்கும், எடையும் இருக்கும், கடனும் இருக்கும்.

கைபேசி நம் எல்லார் கையிலும் வந்துவிட்டது. அதில் வரும் விலையைக் கேட்டுவிட்டு, கட்டாது என்று திடமாகச் சொல்லும் நிலைமைக்கு நம் சிறு விவசாயியை உயர்த்துவதுதான் மீதமிருக்கும் வேலை. அதை நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடிப்பதிலிருந்து தொடங்கலாம். அடுத்த பறிப்புக்கே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.